கண் திறந்து, வாய் மூடி

அக்கா, என் நாத்தனார் அண்ணி முந்திக்கொண்டு உனக்குப் போன் செய்திருப்பார் என்று தெரியும். கடைக்கு நடுவில் மாரைத் திறந்துபோட்டு உட்கார்ந்தாள், அது போதாதென்று தெருவிலும் உட்கார்ந்தாள், என் தம்பி மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்லியிருப்பார். அதில் ஒன்றும் பொய் இல்லை. உட்கார்ந்தேன்தான். ஆனால் எதற்காக உட்கார்ந்தேன் என்பது அவருக்கே பாதிதான் தெரியும். அதனால் அம்மாவிடம் நீ எதையும் சொல்வதற்கு முன்னால் முழுவதையும் கேட்டுவிடு.

உருண்டைப் பயலை ஊருக்கு அனுப்புவதாக முடிவான அன்று நீயும் அந்த வீடியோ காலில் இருந்தாய். அண்ணி விடுப்பில் ஊருக்குப் போகிறார், பிள்ளையைக் கையோடு கொண்டுபோய் என் மாமியாரிடம் விட்டுவிடுவார், அவன் நடந்து, பேசி, இங்கே காப்பகத்தில் சேர்க்கிற வயது வந்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள். நான் சலவை ஆலைக்குத் திரும்பலாம். திரும்பாவிட்டால் என் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஒரு ஆள் சம்பளத்தில் இந்த ஊரில் ஓர் அறைக்கு வாடகைகூடக் கட்ட முடியாது. நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னீர்கள். பேரனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று அம்மா சொன்னாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஆட்டின தலையை எப்படித் திரும்ப நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை அக்கா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று உனக்குத் தோன்றும். சொல்ல வேண்டிய நேரத்தில் எல்லாம் யாராவது எனக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி தன் பெட்டியில் பாதியைக் காலிசெய்து அவன் துணிக்கு இடம் ஒதுக்கினார். இவர் கூடுதல் வேலை பார்த்து அவனுக்கு டிக்கெட் எடுத்தார். நல்லது செய்கிறவர்களை எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வது?

அடுத்தது பாலை மறக்கடிப்பது. அதை அண்ணியே கையில் எடுத்துக்கொண்டார். நீ பக்கத்தில் வராதே, வாசம் பிடிப்பான் என்று என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு அறைக்குள் அவனோடு புட்டிப் போர் நடத்தினார். உருண்டை அந்த ரப்பர் காம்பை நாக்காலேயே வெளியே தள்ளினான். தேனைக்கூடத் தடவிப் பார்க்காதே என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அண்ணியிடம் வேறு வித்தையும் இல்லை. கரண்டியில் ஊற்றினால் பாதி கழுத்துக்குப் போனது, பாதி அண்ணி மடிக்குப் போனது. பிடிவாதம் அப்படியே எங்கப்பா என்று இவர் பெருமையாகச் சொன்னார். பிள்ளை பட்டினி கிடந்தாலும் அதில் தாத்தாவைப் பார்க்கிற குடும்பம்.

எனக்குப் பால் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கல். கையைத் தூக்கினால் அக்குள் வரை இழுத்தது. ஜாக்கெட்டுக்குள் கைக்குட்டை மடித்து வைத்துக்கொண்டு சமைத்தேன், துணி மடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுவான், இந்தப் பக்கம் கைக்குட்டை நனையும்.

இந்த நிலைமையில்தான் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ. இவர் படுக்கையில் போட்டுப் போனில் எடுத்ததை ஆபீஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பின்னால் போர்வைப் பூ தெரிகிறதாம். கடையில் எடுத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், தாயும் பிள்ளையும் நேரில் வர வேண்டும், தள்ளிப்போனால் டிக்கெட் தேதிக்குள் பாஸ்போர்ட் புத்தகம் வராது. இவருக்கு வேலை. அண்ணி, நான், உருண்டை மூன்று பேரும் கிளம்பினோம். அண்ணி பையில் நான்கு புட்டி.

கடை ஒரு பெரிய வணிகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் சாவி வெட்டுகிறவர், மறுபக்கம் போன் உறை விற்கிற கடை. முன்பக்கம் முழுதும் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் பின் சுவரில் கூரையிலிருந்து இறங்குகிற வெள்ளைத் திரை, அதற்கு முன் ஒரு ஸ்டூல், இரண்டு விளக்கு. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் ஐந்தாறு பேர் நின்றால் மூச்சு முட்டும். போட்டோக்காரர் நம் பாஷைக்காரர். வாய் நிறையப் பேச்சு. விதியைச் சொன்னார்: "கண்ணு திறந்திருக்கணும். வாய் மூடியிருக்கணும். சிரிக்கக் கூடாது. காது ரெண்டும் தெரியணும். வேற யார் கையும் தெரியக் கூடாது. பெரியவங்களே இதுல ஃபெயில் ஆயிடறாங்க மேடம்."

காத்திருந்தவர்களில் ஒருவர் கடையின் இரவல் கோட்டை மாட்டியிருந்தார். கோட்டு பெரிது. முன்னால் பார்த்தால் மேனேஜர், முதுகில் துணி காயப்போடுகிற கிளிப் வரிசையாக. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர். பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்துவிட்டு வாங்க வந்த, வாசனை பூசிய ஒரு பெரிய அம்மாள். அவ்வளவு பேரும் உருண்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாருக்கும் எந்தப் பிள்ளையும் பிடிக்கும்.

முதலில் தரையில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்துப் பார்த்தார். முதுகு துணியைத் தொட்டதும் உருண்டை அலறினான். வாய்தான் படம் முழுக்க. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள், இவனுக்கு விளக்கு வெளிச்சம்தான் கிடைத்தது. அண்ணி புட்டியை நீட்டினார். அதைப் பார்த்ததும் இன்னும் உரக்க அழுதான். இரண்டு நாளாக அது அவனுக்கு எதிரி.

அடுத்து, அண்ணியை ஸ்டூலில் உட்காரவைத்து, தலையோடு கால் வெள்ளைத் துணியால் மூடி, அவர் மடியில் பிள்ளையை வைத்தார் போட்டோக்காரர். நாற்காலி மாதிரி உட்காருங்க, நாற்காலி பேசாது என்றார். நாற்காலி துணிக்குள்ளிருந்து, சும்மா எடுய்யா, புழுங்குது என்றது. கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உருண்டை அலறினான். கடைசியில் போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். தாய் மடியில் சும்மா இருப்பான் என்றார். அண்ணி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, மணியைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அக்கா, அந்தத் துணிக்குள் இருந்ததை எப்படிச் சொல்வது. எல்லாம் வெள்ளை, எதுவும் தெரியாது. என் மூச்சே என் முகத்தில் அடித்தது. அவன் கனம் மட்டும் மடியில் தெரிந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவனைத் தூக்குகிறேன். ஒரு நொடி அழுகை நின்றது. எடுங்க எடுங்க என்று அண்ணி சொல்வது கேட்டது. உருண்டை முகத்தைத் திருப்பினான். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணிக்கு மேலேயே மூக்கால் என்னைத் தேடினான். திருப்பி வைத்தார்கள். மறுபடியும் தேடினான். படத்தில் பின்மண்டைதான் வருது மேடம் என்றார் போட்டோக்காரர். அவன் துணியைக் கவ்விச் சப்பினான். உள்ளே எனக்குச் சுரீர் என்றது. கைக்குட்டை எவ்வளவு தாங்கும்?

போட்டோக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். கல்லூரிப் பெண்களும் நிறுத்திவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவர் ரொம்ப மெதுவாக, "துணி நனையுது மேடம்" என்றார்.

வெள்ளைத் துணியில் இரண்டு வட்டம். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளே இருந்தேன்.

அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது. துணியை எடுத்தால் எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டும், எடுக்காவிட்டால் வட்டம் பெரிதாகும். அண்ணிதான் துணியைத் தூக்கினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அதட்டவில்லை. குனிந்து காதோடு சொன்னார்: "சரி, ஒரு வாய் குடு. வாயை அடைக்கிற அளவுக்குத்தான். வயிறு ரொம்பிட்டா தூங்கிடுவான், அப்புறம் கண்ணு மூடிக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பசித்தால் வாய் திறந்திருக்கும், படம் விழாது. படம் விழாவிட்டால் அவன் போக முடியாது. நான் கொடுத்தால் வாய் மூடும், படம் விழும், போய்விடுவான். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு நடுவிலேயும் இடித்தது. கொடுக்காமல் இருந்தால் பிள்ளை என்னிடம் இருப்பான். ஆனால் அவன் பட்டினியில் துணியைச் சப்பிக்கொண்டிருக்கிறான். எந்தத் தாய் கணக்குப் பார்ப்பாள்?

எங்கே போவது என்று கேட்டேன். கழிப்பறை இருக்கு, நடைபாதைக் கடைசியில் என்றார் போட்டோக்காரர். போனால் வரிசை போய்விடும், ஆபீஸ் மூடிவிடும் என்றார் அண்ணி. திரைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள், ஒரு பூனைகூட உட்கார முடியாது. அதனால் ஸ்டூலிலேயே கண்ணாடிக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து, தோளில் அந்த ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட் ஊக்கைக் கழற்றினேன்.

அவன் பாய்ந்து பிடித்தான். வலி உச்சந்தலைக்குப் போய் இறங்கியது. களக் களக் என்று விழுங்குகிற சத்தம் அந்தக் கடைக்கே கேட்டிருக்கும். துணிக்குள் அவனுக்குப் புழுங்கியது போல, ஓர் உதை விட்டான். துணி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால் அவன் வாயிலிருந்து விட்டுப்போகும். விளக்கு இரண்டும் என்மேல். மூடு, மூடு என்று அண்ணி பல்லுக்கிடையில் சொன்னார். எதால் மூடுவது? எனக்கிருந்த இரண்டு கையிலும் அவன்தான் இருந்தான்.

கோட்டுக்காரர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் திரும்பினார். கிளிப் வரிசை முழுக்க எங்களுக்குக் காட்சி. கல்லூரிப் பெண்களில் ஒருத்தி போனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். இன்னொருத்தி நேராகவே பார்த்தாள், கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை, கணக்குப் பாடம் பார்க்கிற மாதிரி. வாசனை அம்மாள்தான் பேசினார், என்னிடம் இல்லை, போட்டோக்காரரிடம். இந்த ஊர் பாஷை எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆண்கள் வருகிற கடை, கண்ணாடிச் சுவர், இதெல்லாம் வீட்டில் என்பது மட்டும் புரிந்தது. புரியாத மற்ற பாதியை நானே நிரப்பிக்கொண்டேன், அது இன்னும் மோசமாக இருந்தது.

வெளியே இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். நிற்கிறவர்களைப் பார்த்துக் கட்டடத்தின் காவலாளி வந்தார், அவரும் நம் பாஷைக்காரர். கதவைத் திறந்து, மேல் மாடியில் தாய்மார் அறை இருக்கிறது என்றார். திறந்திருக்கா என்று போட்டோக்காரர் கேட்டார். பெயிண்ட் அடிக்கிறார்கள், அடுத்த வாரம் திறக்கும் என்றார் காவலாளி. இவனுக்கு இப்பப் பசிக்குதே என்று போட்டோக்காரர் சொல்ல, காவலாளி என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு, அம்மா மூடிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் வெளியே போகட்டும், புகார் வந்தால் எனக்குத்தான் திட்டு விழும் என்றார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிக் காட்டினார். இது வேலை, இது இல்லாமல் படம் விழாது என்றார். அவருக்குப் படம் விழ வேண்டும். அண்ணிக்கும் படம் விழ வேண்டும். எனக்காகப் பேசியவர்கள் எல்லாரும் அந்தப் படத்துக்காகத்தான் பேசினார்கள் அக்கா.

அண்ணி தன் கைப்பையை என் மாருக்கு முன்னால் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நின்றவர்களைப் பார்த்து, "என்ன பாக்கறே, நீ என்ன புட்டியிலேயே பொறந்தியா?" என்று நம் பாஷையில் கேட்டார். அவர்களுக்குப் புரியாது. ஆனால் நகர்ந்தார்கள். அடுத்த நொடி என் பக்கம் திரும்பி, போதும் எடு என்றார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அண்ணிக்கு அது இரண்டுமே மனதாரத்தான்.

நான் எடுக்கவில்லை. அவனே விட்டான். வாயோரத்தில் ஒரு சொட்டு. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து, வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் இரண்டு நாள் எங்கே போயிருந்தேன் என்று கேட்கிற பார்வை என்று எனக்குப் பட்டது. அசையாதீங்க என்ற குரல் என் தோளுக்கு மேலே கேட்டது. போட்டோக்காரர் ஒரு நாற்காலியில் ஏறி நின்றிருந்தார். அண்ணி கீழே கிடந்த துணியை எடுத்து அவன் தலைக்கும் என் உடம்புக்கும் நடுவில் செருகினார். டிக்.

ஊக்கை மாட்டிக்கொண்டு திரும்பினேன். கம்ப்யூட்டரில் அவன் முகம். கண் திறந்து, வாய் மூடி, காது இரண்டும் முழுசாக. போட்டோக்காரர் ஓரத்தை வெட்டிக்கொண்டே வந்தார். என் கைவிரல் போனது. என் புடவைக் கரை போனது. சுற்றி வெள்ளை மட்டும் மிச்சம். யாரும் தூக்காமல் அந்தரத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி இருந்தான்.

பாருங்க மேடம், சரின்னா பிரிண்ட் போட்டுடறேன் என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

அண்ணி திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஏன், காது தெரியலையா?"

காது ரெண்டும் இருக்கே என்றார் போட்டோக்காரர், அடிபட்ட மாதிரி.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு அண்ணி. அவன் போகவேண்டாம்."

சொல்லிவிட்டேன். சத்தமாகக்கூட வரவில்லை. கோட்டுக்காரர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டினால் தாங்கியிருப்பேன். அவர் போட்டோக்காரரிடம், "நீ பிரிண்ட் போடுப்பா. இவளுக்குப் பால் கொடுத்த மயக்கம்" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. நான் சொன்னது அங்கே விழவே இல்லை. பிரிண்ட் வந்தது, அண்ணி பைக்குள் போனது. ஆபீஸ் அடுத்த தெரு, வா என்று முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். ஆமாம், நடந்தேன். வாய் வேண்டாம் என்றது, கால் நடந்தது. தனியாகத் திரும்பிப் போக எனக்குப் பஸ் தெரியும், ஆனால் வீட்டுச் சாவி அண்ணியிடம். வீடும் அண்ணியுடையதுதானே. நாங்கள் இருப்பது அதில் ஓர் அறை.

ஆபீஸ் கதவு தெரிகிற தூரத்தில் நடைபாதையில் ஒரு இரும்பு பெஞ்சு. உருண்டை மறுபடியும் முனக ஆரம்பித்தான். கடையில் ஒரு பக்கம்தான் குடித்திருந்தான், இன்னொரு பக்கம் அப்படியே கல்லாக இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். துணி எதுவும் தேடவில்லை. ஊக்கைக் கழற்றி அவனை வைத்துக்கொண்டேன்.

கூச்சம் போய்விட்டது என்று நினைக்காதே. காது மடல் எரிந்தது. சைக்கிளில் போன ஒருவன் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். ஒரு பெண் தன் மகளின் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். வயதான ஒருவர் குனிந்து வணக்கம் சொல்கிற மாதிரித் தலையசைத்தார், அதற்கும் என்ன அர்த்தம் என்று பயந்தேன். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். அவன் வாயில் இருக்கிறவரை என்னை யாரும் எழுப்ப முடியாது. கையைப் பிடித்து இழுக்க முடியாது. மாமியார், அண்ணி, இவர், காவலாளி யாராலும் முடியாது. வாயால் சொன்னது விழவில்லை. இது விழுந்தது.

அண்ணி திரும்பி வந்தார். "எழுந்திரு. மூடிடுவாங்க."

"குடிக்கிறான் அண்ணி."

"நடந்துகிட்டே குடு."

"வராது."

என் மகளை நான் அனுப்பலையா, செத்தா போயிட்டா என்று கேட்டார். இதை வீட்டிலும் கேட்டிருக்கிறார். அங்கே கேட்கும்போது குரல் நடுங்காது. அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கு வலது பக்கம் கட்டிக்கிச்சு. வேலைக்குப் போற பஸ்ல ஜன்னல் பக்கமா திரும்பி உட்கார்ந்து, கைக்குட்டையில பிழிஞ்சு விட்டேன். பஸ் நிறைய ஆளு. ஒருத்தரும் பாக்கலை."

எதிரே ஒரு ஆள் வந்து ஆபீஸின் இரும்புக் கதவை இழுத்து மூடினான். அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, நாளைக்கும் திறப்பாங்க என்றார்.

வீட்டில் இவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம், நீயும் தலையாட்டினியே என்றார். ஆட்டினேன். அப்புறம், "எத்தனை நாளைக்கு உட்கார்ந்தே இருப்பே?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை அக்கா. வேலை போய்விடும், அது தெரியும். அவர் ஒருவரால் இழுக்க முடியாது, அதுவும் தெரியும்.

நீ ஒன்று செய். என் மாமியாரிடம் பேசு. முடியுமா அத்தை என்று அவரை இதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முழங்கால் வலிக்காரர், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியுமா என்று கேள். முடியாது என்று அவர் வாயிலிருந்து வந்தால் இவர் கேட்பார். நான் சொன்னால் மயக்கம் என்பார்கள்.

சீக்கிரம் பேசு. இங்கே விடிந்து வெயில் ஏறிவிட்டது. அண்ணி பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் கட்டில் விளிம்பில் இருக்கிறேன். அவன் இன்னும் விடவில்லை.